டீ கிளாஸில் பதினாலு கை

எடை குறைக்கும் அறுவை சிகிச்சைகளில் எது நல்லது என்று போன கூட்டத்தில் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லாமல் காப்பி குடிக்கப் போய்விட்டேன். கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நன்றாகவே கேட்டது. இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதிலாக இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். அதற்கு நான் சூசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூசையைப் பற்றிச் சொன்னால் நான் செய்த இரண்டு முட்டாள்தனங்களையும் சொல்லியாக வேண்டும். கையில் காப்பியை வைத்துக்கொண்டு அதையெல்லாம் சொல்ல முடியாது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வடசென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் துணை அறுவை மருத்துவன். வயது முப்பத்தைந்து. கை சுத்தம், வாய் நீளம். எங்கள் யூனிட் தலைவர் வெளிநாட்டில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். உடம்பு பெருத்தவர்களுக்கு அங்கே செய்கிற இரண்டு வகை ஆபரேஷன்களை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார், செய்தும் இருந்தார். எனக்கும் கற்றுக்கொடுத்தார். எந்த நோயாளிக்கு எது என்று முடிவு செய்வதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார். "தைக்கிறத நான் சொல்லித் தரலாம்ப்பா. முடிவெடுக்கறத நீதான் பண்ணிப் பழகணும்" என்பார்.

முதல் வகை, குடலைச் சுருக்குவது. சிறுகுடலின் ஆரம்பத்தை வெட்டிக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், நடுவில் இருக்கிற நீளமான குடல் வழியாகச் சாப்பாடு போகாது. எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. இரண்டாவது, வயிற்றைச் சுருக்குவது. இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சின்னப் பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு சேர்ப்பது. நாலு வாய்க்கு மேல் உள்ளே போகாது. முதலாவதில் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், ஆனால் கக்கூஸுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவதில் ஓட வேண்டாம், ஆனால் சாப்பாட்டைக் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும். முதலாவதை இன்று யாரும் செய்வதில்லை. சில வருடம் கழித்து ஈரல் கெட்டுப் போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

சூசைக்கு ராயபுரம். துறைமுகத்தில் கிரேன் டிரைவர். நாற்பத்திரண்டு வயது. எங்கள் வார்டு தராசு அவரைத் தாங்கவில்லை, முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. காசிமேட்டில் மீன் எடை போடும் பெரிய தராசில் நிறுத்து எழுதி வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன். இன்று நினைத்தால் கூசுகிறது. அவர் சிரித்துக்கொண்டே சீட்டோடு வந்தார்.

"நூத்தி நாப்பத்தி ஆறு கிலோ டாக்டர். பக்கத்துல ஒரு கெயவன் கூடைய வச்சிகினு நின்னான், இந்த வஞ்சிரம் இன்னா வெலன்னு கேட்டுட்டான்."

அவர் மனைவி பிலோமினா சிரிக்கவில்லை. கீச்சென்ற குரலும் கருப்புப் புடவையுமாக அவர் பின்னால் நின்றிருந்தார். "சிரிக்காத. விசயத்த சொல்லு" என்றார்.

விஷயம் இதுதான். கிரேன் அறைக்குப் போக அறுபது அடி உயரத்துக்குச் செங்குத்தான இரும்பு ஏணி. அதில் சூசையால் நடுவில் இரண்டு முறை நிற்காமல் ஏற முடியவில்லை. ஒருநாள் பாதி ஏணியில் மூச்சு வாங்கிக் கண் இருட்டிவிட்டது. துறைமுக டாக்டர் ஆறு மாதம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் எடை குறைந்து, நிற்காமல் ஏறிக் காட்டாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிக் கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள்.

"பதினெட்டு வருசம் மேலேந்து பாத்துகினு இருந்தவன் டாக்டர் நானு. கேட்டாண்ட குந்தவச்சா செத்துருவேன்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு இல்லை.

பத்தியம், கோதுமைக் கஞ்சி, நடை எல்லாம் அவருக்குச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. இரண்டு கிலோ குறையும், மூன்று கிலோ ஏறும். நான் இரண்டு ஆபரேஷனையும் விளக்கினேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சாப்புடறத நிறுத்தச் சொல்லாத ஆபரேசன் எதுவோ அத்த செய்ங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. சாகக் கிடக்கிறான், சோற்றை விடமாட்டேன் என்கிறானே என்று மனதுக்குள் திட்டினேன். தீனிப்பண்டாரம் என்று முடிவு கட்டிவிட்டேன். இவன் வாயைக் கட்ட முடியாது, ஆகவே குடலைச் சுருக்குவதுதான் சரி என்று கேஸ் ஷீட்டில் எழுதி நாளும் குறித்தேன். அதில் எனக்கும் ஒரு சௌகரியம் இருந்தது: சீக்கிரம் முடியும் ஆபரேஷன் அது.

இதைத் தடுத்தவர் எங்கள் மயக்க மருந்து டாக்டர். ஒல்லியான அம்மா, அதிகம் பேச மாட்டார். பேசினால் நமக்கு அன்றைய தூக்கம் போய்விடும். கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஆபரேஷன் ஆனா ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவார்?"

"மொதல்ல பத்து. அப்புறம் நாலு, அஞ்சு."

"எங்க வேலை பாக்கறார்?"

"கிரேன்ல."

"கிரேன்ல கக்கூஸ் எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. "போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க டாக்டர்" என்று கேஸ் ஷீட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். கோபம் தலைக்கேறியது. ஆனாலும் போனேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்தேன். சூசை கீழே காத்திருந்தார். எனக்கு முன்னால் ஏறினார், இரண்டு இடத்தில் நின்றார். நான் அவரில் பாதி கூட இல்லை. இருந்தும் மூன்று இடத்தில் நின்றேன். மேலே ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு. நாற்காலி, இரண்டு கைப்பிடி, ஜன்னலோரம் சுருட்டி வைத்த ஒரு கயிறு, மூலையில் ஒரு தகர டப்பா. காலுக்குக் கீழே கப்பல் தெரிந்தது. கப்பலிலிருந்து கோதுமை மூட்டைகளை வலையில் கட்டித் தூக்கி, கீழே நிற்கும் கேங் ஆட்களின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் கரையில் இறக்குவது அவர் வேலை.

"அவசரம்னா என்ன பண்ணுவ சூசை?"

"ஒண்ணுக்குன்னா டப்பா. ரெண்டுக்கு வூட்லயே முடிச்சிகினு வந்துருவேன். எறங்கி ஏறணும்னா அரை அவரு பூடும் டாக்டர். கீய கேங்கு சும்மா நிக்கணும், கப்பல் நிக்கணும்."

சப்பென்று அறைந்த மாதிரி இருந்தது. குடலைச் சுருக்கியிருந்தால் எடை குறைந்திருக்கும், ஏணியும் ஏறியிருப்பார், மேலே உட்கார முடியாமல் ஒரே மாதத்தில் வேலையை விட்டிருப்பார். எதைக் காப்பாற்றிக்கொள்ள என்னிடம் வந்தாரோ அதையே பறித்திருப்பேன். அங்கேயே முடிவை மாற்றினேன். குடல் வேண்டாம், வயிறு.

எனக்கு அன்று ஒரே பெருமை. அறுபது அடி ஏறிப் பார்த்து ஆபரேஷனை முடிவு செய்த டாக்டர் இந்த ஊரில் வேறு யார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையில்தான் இரண்டாவது முட்டாள்தனம் நடந்தது. ஜன்னலோரம் கிடந்த கயிறு எதற்கு என்று நான் கேட்கவே இல்லை.

வயிற்றைச் சுருக்கப் போகிறேன் என்றதும் சூசையின் முகம் விழுந்துவிட்டது.

"அப்பால எம்மா துன்லாம்?"

"ஒரு வேளைக்குப் பாதி டீ கிளாஸ். கொஞ்ச நாள் போனா முக்கால்."

"யாருனா ஆசையா குடுத்தாக்கூட...?"

"யார் குடுத்தாலும். மீறித் தின்னேன்னு தெரிஞ்சது, வேலைக்கு லாயக்கில்லைன்னு நானே எழுதிக் குடுத்துடுவேன்."

மிரட்டினால்தான் கேட்பான் என்று நினைத்துச் சொன்னேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இல்லை என்று தலையாட்டாதீர்கள், வெளி நோயாளிப் பிரிவில் உங்கள் குரல் எனக்கும் கேட்கிறது. சூசை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி டாக்டர், செய்ங்க" என்றார்.

தலைவர் எதிரே நிற்க, ஆபரேஷனை நானே செய்தேன். நன்றாக முடிந்தது. ஆறு வாரத்தில் பதினெட்டு கிலோ குறைந்தது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று துறைமுகத்து நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தார். கெடுவுக்குள் ஏணிப் பழக்கம் வர வேண்டும் என்பதால், கொஞ்சம் சீக்கிரம்தான் என்றாலும் வேலைக்குப் போக அனுமதித்தேன்.

போன முதல் நாளே மாலை நாலு மணிக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் பிலோமினா வீட்டிலிருந்து கொண்டு வந்தார். விடாத வாந்தி. மேல்வயிற்றில் வலி. நாடி நூற்று இருபது. உடம்பெல்லாம் வியர்வை.

"என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் துன்னல டாக்டர். காலீல கஞ்சி. நீங்க சொன்ன அளவுதான்."

சாப்பிடாத ஆளுக்கு இப்படி வந்தால் என்ன அர்த்தம்? தைத்த இடம் விட்டுவிட்டது. உள்ளே கசிகிறது. தாமதித்தால் போய்விடுவான். தலைவர் ஊரில் இல்லை. ஆபரேஷன் அறையைத் தயார் செய்யச் சொன்னேன். மயக்க மருந்து டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"வயிறு மெத்துன்னு இருக்கே. காய்ச்சல் இல்ல. ஆறு வாரம் கழிச்சா தையல் விடும்?"

"எனக்கும் தெரியும் மேடம். வேற என்ன காரணம் சொல்றீங்க?"

"என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணுமில்லன்றான்."

"அவர் சொல்றார். வேற யாரையாவது கேட்டீங்களா?"

கத்திவிட்டேன். நேரம் ஓடுகிறது, இங்கே நின்று விசாரணை நடத்தச் சொல்கிறீர்களா என்றேன். அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. கதவைத் திறந்து, வெளியே ஜெபமாலையோடு நின்ற பிலோமினாவை உள்ளே கூப்பிட்டார்.

"ஒண்ணும் துன்னலன்னா சொல்லுச்சு?" பிலோமினா கணவரைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பொய் சார். பதினாலு கை துன்னுட்டு வந்துகீது."

"பதினாலு கையா?"

"இது கேங்குல பதினாலு பேரு. மத்தியானம் சோத்துக்குக் குந்தும்போது ஒவ்வொருத்தனும் அவன் சோத்துலேந்து ஒரு கை எடுத்து தூக்குச்சட்டில போடுவான். இது மேலேந்து கயிறு விடும், கட்டுனா இயித்துக்கும். மீன் கொயம்பு, கருவாடு, பாய் வூட்டுக் கறி, பயைய சோறு, அல்லாம் ஒண்ணாத்தான் கெடக்கும். அவனுங்க தலைக்கு மேல ரெண்டு டன்னு தொங்குது சார். கை போட்டவன் அன்னிக்கு மேல நிமிந்து பாக்க மாட்டான். அவ்ளோ நம்பிக்க. எவன் கையயாவது இது வேணாம்னு சொல்லிச்சின்னா, அவன் அன்னிக்கு வலைக்குக் கீய நிக்க மாட்டான். பதினெட்டு வருசமா இது எவன் கையயும் திருப்புனதில்ல."

தீனிப்பண்டாரம் என்று நான் பட்டம் கொடுத்த ஆள், பதினாலு பேருடைய பயத்தைத் தினமும் தின்று கொழுத்திருக்கிறார்.

"இத ஏம்மா நீ முன்னாடியே சொல்லல?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"நீங்க கேட்டீங்களா? எம்மா துன்றன்னு கேட்டீங்க, எப்போ துன்றன்னு கேட்டீங்க. யாரு குடுக்கறான்னு கேக்கலயே சார்."



கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஏன் சூசை மறைச்சே?" என்று கேட்டேன்.

"துன்னேன்னு சொன்னா எய்திக் குடுத்துருவேன்னீங்களே டாக்டர்" என்றார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது.

யோசித்துப் பாருங்கள். என் ஒரு மிரட்டலால் அவர் பொய் சொன்னார். அந்தப் பொய்யை நம்பி, நன்றாக ஆறிவந்த வயிற்றை மறுபடியும் கிழிக்க இருந்தேன். அந்த உடம்பு இரண்டாவது ஆபரேஷனைத் தாங்கியிருக்காது. கத்தியை எடுக்காதே என்று சொல்வதற்கு அன்று அங்கே ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

கசிவு இல்லை என்றால் அடைப்பு. அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு மெல்லிய குழாயை நானே மூக்கு வழியாக, தைத்த இடத்தில் இடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். சோறு வந்தது. கருவாட்டுத் துண்டு ஒன்று மெல்லாமல் விழுங்கியபடியே வந்தது. ஆறு மணிக்கு நாடி தொண்ணூறு. சூசை தூங்கிப் போனார். நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்று, "வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார். நன்றியை மறுநாள்தான் சொன்னேன்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் காக்கி அரைக்கால்சட்டையும் கோதுமைத் தூசியுமாகப் பதினாலு பேரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவர் கேங் மேஸ்திரி காதர் பாய். தண்டையார்பேட்டைக்காரர், வெள்ளைத் தாடி.

"குடலெறக்கம்னு சொன்னான். இன்னா டாக்டர் சார் இது, வாந்தின்றாங்க? எங்க சோத்துல எதுனா கலீஜா பூட்ச்சா?"

சூசை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்வதா, மறைப்பதா? நோயாளியின் ரகசியம் அவருடையது. நான் குனிந்து, "சொல்லட்டுமா சூசை?" என்று கேட்டேன். தலையை அசைத்தார்.

சொன்னேன். ஆபரேஷன் என்ன, ஏன், அவர் ஏன் மறைத்தார், நான் என்ன சொல்லி மிரட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

"எம்மா துன்லாம் இவன்?" என்று காதர் பாய் கேட்டார்.

ஜன்னல் மேல் இருந்த டீ கிளாஸை எடுத்துப் பாதி வரை விரல் வைத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்க பதினாலு கை போடறது?"

"ஆளுக்கு ஒரு நாளுன்னு முறை வச்சிக்கலாம் பாய்" என்றார் ஒருவர்.

"அப்போ மீதி பதிமூணு பேரு அன்னிக்கு மேல பாத்துகினு நிப்பீங்களா?" என்று பாய் சீறினார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். "கை வேணாம். ஒரு கிள்ளு. ஆளுக்கு ஒரு கிள்ளு, நல்லா கொயச்சிப் போடணும். கருவாடு எவனாவது போட்டான், கைய ஒட்ச்சிருவேன்."

"கிள்ளு போட்டா ஆவுமா பாய்?" என்று ஒரு பெரியவர் சந்தேகப்பட்டார்.

"ஏன், கைய நீட்டி நீட்டிப் போட்டுத்தான இவன இங்க கொண்டாந்து படுக்க வச்சிக்கீறோம்? சூசை, இன்னாடா சொல்ற?"

சூசை இந்தப் பக்கம் திரும்பினார். "போடு பாய், துன்றேன்" என்றார்.

கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது துறைமுக டாக்டர் முன்னால் அறுபது அடியையும் நிற்காமல் ஏறிக் காட்டினார். மாதாமாதம் வைட்டமின் ஊசிக்கு வருவார். வரும்போதெல்லாம் மத்தியானம் ஒருநாள் துறைமுகத்துக்கு வரச் சொல்லி நச்சரிப்பார். ஒருநாள் போனேன். கையில் என் டிபன் டப்பா, உள்ளே தயிர் சாதம்.

கேங் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்திருந்தது. நடுவில் தூக்குச்சட்டி, அதற்குள் ஒரு டீ கிளாஸ். ஒவ்வொருவராகக் கிள்ளிக் குழைத்துப் போட்டார்கள். பதினாலு ஆனதும் கயிறு இறங்கி வந்தது. கட்டப் போன காதர் பாய் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டர் சார், சோத்து டைம் முட்ச்சிக்கினு இங்கதான நிக்கப் போறீங்க?"

"ஆமா பாய்."

"அப்ப போடுங்க."

டப்பாவைத் திறந்து ஒரு கிள்ளு தயிர் சாதம் எடுத்து, நன்றாகக் குழைத்து, கிளாஸில் போட்டேன். கயிறு மேலே போனது. மேலே ஜன்னலில் சூசையின் முகம் தெரிந்தது. கிளாஸைத் தூக்கி எங்களுக்குக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கேங் எழுந்து அவரவர் இடத்தில் போய் நின்றது. கிரேன் முனகிக்கொண்டு திரும்பியது. மூட்டை வலையின் நிழல் கப்பலிலிருந்து நகர்ந்து வந்து பாயின் மேல் விழுந்தது, பிறகு என் மேல் விழுந்தது. என் கழுத்து தானாக நிமிரப் பார்த்தது.

நான் நிமிராமல் குனிந்து டிபன் டப்பாவை மூடினேன்.